லவுஞ்சுக்குப் பதினான்கு பக்கம்

ஒரே ஒரு ஆளாவது தாம் எழுதியதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, அதன்படி நடந்தே தீர வேண்டும் என்று கையேட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். வாய் கொப்பளிப்பதற்குள் அந்த ஆள் தம் மனைவிதான் என்றும் முடிவாகிவிட்டது. மனைவிக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.

கையேட்டுக்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பம்பு செய்வது அவர் வேலை இல்லை. விற்பதும் இல்லை. பழுது பார்ப்பதும் இல்லை. பம்பு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பெட்டியைப் பிரித்த கையோடு முதலில் தூக்கிப் போடுவோமே, அதை எழுதுகிறவர் அவர்தான். இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறார். எல்லாக் கையேடும் ஒரே வரியில்தான் தொடங்கும்: 'இயக்குவதற்கு முன் இதனை முழுமையாகப் படிக்கவும்.' அந்த வரியையே யாரும் முழுமையாகப் படித்ததில்லை.

கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக் அவ்வப்போது வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார். "சார், நீங்க எழுதறதை யாரும் படிச்சிடவே கூடாது சார். படிச்சிட்டா எனக்கு வேலை போயிடும்."

ஆபீசில்தான் இப்படி என்றால் வீட்டிலும் அதே கதை. கல்யாணமான புதிதில் தம்மைப் பற்றியே நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதி மனைவியிடம் கொடுத்தார். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, சூடேறினால் எப்படிக் குளிர வைப்பது என்று எல்லாமே அதில் இருந்தது. மனைவி சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் அது ஒரு சட்டைக்கையின் வடிவத்தில் வெட்டப்பட்டுக் கிடந்தது.

"தாள் நல்லா கெட்டியா இருக்குங்க. அளவு வெட்ட வசதியா இருக்கு" என்றாள்.

மனைவி தையல்காரி. புதுத் துணி தைப்பதைவிடத் தைத்த துணியைத் திருத்துவதில் கெட்டிக்காரி. கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப்பு மாற்றுவது. சாப்பாட்டு மேசையில்தான் தையல் மெஷின். சாப்பிடும் நேரத்தில் மெஷின் தரைக்குப் போகும். தட்டு மேலே வரும். கையேட்டுக்காரர் ஒரு முறை சூப்பிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானைக் கண்டெடுத்திருக்கிறார். நாலு துளைப் பொத்தான்.

வீட்டில் மூன்றாவதாக ஓர் அறை இருந்தது. ஆனால் அதில் ஏற்கெனவே குடியிருந்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக் கையேடுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி, தரையிலிருந்து ஜன்னல் வரை.

"ஏங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்களேன். ஒரு வெட்டுமேசை போட்டுக்கறேன். நின்னுக்கிட்டே வெட்டலாம். முதுகு வலி தாங்கலை."

"அது ரூம் இல்லை. ஆவணக் காப்பகம்."

"யாருக்காகக் காக்கறீங்க? இதுவரைக்கும் ஒரே ஒரு எலிதான் வந்திருக்கு. அது ஒண்ணுதான் உங்க எழுத்தைக் கொஞ்சமாவது உள்ளே வாங்கியிருக்கு."

இந்தப் பேச்சு மாதம் ஒரு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் கையேட்டுக்காரர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே உட்கார இடம் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வருவார்.

இந்த நிலையில்தான் கம்பெனி, இருபத்தைந்து வருஷச் சேவைக்காக, கடலோர நகரம் ஒன்றுக்குப் போய்வர அவருக்கும் மனைவிக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் கொடுத்தது. கூடவே விமான நிலையத்தில் விமான கம்பெனியின் லவுஞ்சுக்கு, அதாவது ஏறும் வரை காத்திருக்கும் சொகுசுக் கூடத்துக்கு, அனுமதி. கடலைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கடலுக்குக் கையேடு தேவையில்லை. லவுஞ்சுதான் அவரைப் பிடித்து உலுக்கியது. இருவரும் அதுவரை விமான நிலையத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியை மடியில் வைத்துத் தின்றவர்கள்தான்.

மூன்று வாரம் உழைத்தார். முப்பத்தொரு வீடியோ பார்த்தார். விமான கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு எழுத்து விடவில்லை. கடைசியில் பதினான்கு பக்கத்தில், படங்களோடு, 'பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச்: எதிர்பார்க்க வேண்டியவை' வெளிவந்தது. இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு. ஒன்று மனைவிக்கு.

"முழுசாப் படிக்கணும்" என்றார்.

மனைவி வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு புரட்டிப் பார்த்தாள். "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? ஒருத்தரோட இடுப்பளவு குறிச்சுக்கணும்."

கையேட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைப் படிக்காம நீ அங்கே போய் என்ன பண்ணுவே?"

"தெரியலைன்னா கேட்டுப்பேன்."

"கேட்பியா! பிசினஸ் கிளாஸ்ல போய், 'தட்டு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்கு'ன்னு கேட்பியா? நம்மை யாருன்னு நினைப்பாங்க?"

"முதல் தடவை வந்தவங்கன்னு நினைப்பாங்க. முதல் தடவைதானே போறோம்?"

"நான் கேட்க மாட்டேன். உள்ளே நுழையறதிலிருந்து வெளியே வர்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். கையேடு போதும்."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். "கேட்டுட்டா?"

"கேட்டுட்டா ரூம் உனக்கு!"

"கேட்கலைன்னா?"

"கேட்கலைன்னா ரூம் பேச்சை நீ எடுக்கவே கூடாது. என் ஆயுசுக்கும்."

"சரி. எழுதிக் குடுங்க."

எழுதுவதென்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? உடனே உட்கார்ந்தார். 'கேட்டல் என்பது வாயால் கேட்பது, கையால் சைகை காட்டுவது, தாளில் எழுதிக் காட்டுவது, புருவத்தை உயர்த்தி விசாரிப்பது ஆகிய அனைத்தையும் குறிக்கும்.'

"புருவம் எதுக்குங்க?"

"முழுமைக்கு. ஓட்டை இருக்கக் கூடாது."

"என்கிட்ட கேட்டா?"

"அதுவும் கேட்டல்தான்." அதையும் சேர்த்தார்.

"நானும் கேட்கக் கூடாதா?"

கையேட்டுக்காரர் பேனாவை மூடி, பெருந்தன்மையாகச் சிரித்தார். "நீ தாராளமா கேளு. கையேடு படிக்காதவங்க கேட்டுத்தானே ஆகணும்."

மனைவி அந்தத் தாளை நாலாக மடித்து, ஊசிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

விமானம் மதியம் ஒன்றரைக்கு. லவுஞ்சுக்குள் மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் விடுவார்கள் என்பது கையேட்டின் இரண்டாம் பக்கம். பத்தரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் கையேட்டுக்காரர் வாசலில் நின்றார். கையில் தம்முடைய பிரதி. தோளில் ஒரு பை. பின்னால் உருளும் பெட்டி. அதில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது. பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் மனைவியின் கைப்பையில். 'ஆவணங்கள் அனைத்தும் ஒருவரிடமே இருத்தல் நலம்' என்பது மூன்றாம் பக்கம்.

வரவேற்பு மேசையில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் போர்டிங் பாஸ்களை வாங்கிப் பார்த்து, சிரித்து, "உள்ளே போங்க" என்றாள். கையேட்டுக்காரர் கதவின் முன்னால் போய் நின்றார். 'கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும்.' நின்றார். கதவு திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் வந்து மறுபடி முன்னால் போனார். தலையைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார், தம்மைக் கதவு கவனிக்கவில்லையோ என்று. பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையை நீட்டிக் கதவைத் தள்ளினார். மரக்கதவு. சாதாரணமாகத் திறந்தது.

"நன்றி" என்றார் கையேட்டுக்காரர். நன்றி கேள்வி ஆகாது.

உள்ளே இடப்பக்கம் சாப்பாடு, வலப்பக்கம் தூங்கும் இடம். கையேட்டில் படம் இரண்டு. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "என் பின்னாலேயே வா" என்று இடப்பக்கம் திரும்பினார். பெட்டி கீச்சென்று பின்னால் வந்தது. ஒரு வளைவு தாண்டியதும் வெளிச்சம் குறைந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். கீச். ஒரு போர்வை விலகியது. கீச். இன்னொரு தலை நிமிர்ந்தது. ஐந்து கீச்சில் அந்த அறையே எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

லவுஞ்சைப் போன மாதம்தான் புதுப்பித்திருந்தார்கள். வீடியோக்கள் எல்லாம் அதற்கு முந்தியவை.

சாப்பாடு எங்கே என்று கேட்க முடியாது. வழி தவறிவிட்டது என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. ஆகவே தூங்கத்தான் வந்தேன் என்பது போல ஒரு காலி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இருபது நிமிஷம் அப்படியே கிடந்தார். வயிறு மட்டும் விழித்திருந்தது. காலையில் மனைவி ரொட்டி வைத்தபோது, "லவுஞ்சுக்குப் போறவன் வீட்டுல சாப்பிட மாட்டான்" என்று ஒதுக்கியவர் அவர்.

மனைவி அவர் பின்னால் வரவே இல்லை. நேரே வரவேற்பு மேசைக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

"ஏம்மா, இதான் முதல் தடவை வர்றேன். இங்கே என்னென்ன இருக்கு, நீயே சொல்லேன்."

நீலக் கோட்டுப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் தினமும் வந்து சலித்தவர்கள் போல அவளைத் தாண்டிப் போகிறவர்கள்தான். கேள்வி கேட்டு அவளிடம் நின்றவர்கள் குறைவு. "வாங்கக்கா, நானே காட்டறேன்" என்று எழுந்தாள். எழும்போது கோட்டுக்கையின் உள்துணி கிழிந்து தொங்கியது மனைவியின் கண்ணில் பட்டது.

"இதைக் கழட்டிக் குடு. ரெண்டு நிமிஷம். ஊசி நூல் என் பையிலேயே இருக்கு."

"ஐயோ, வேண்டாம்க்கா."

"கை நுழைக்கும்போது விரல் மாட்டுதா இல்லையா?"

"தினம் மாட்டுது."

"அப்புறம் என்ன வேண்டாம்?"

இருபது நிமிஷம் கழித்துக் கையேட்டுக்காரர் தூக்கத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஜன்னலோரத்தில் மனைவி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசையில் சுடச்சுட முட்டை, வறுத்த காளான், பழத்துண்டுகள், ஒரு கூடை ரொட்டி.

"ஏங்க, நல்லா தூங்கினீங்களா? இங்கே மேசையில உட்கார்ந்து கேட்டா சமைச்சே கொண்டுவந்து தர்றாங்க. உங்களுக்கும் ஒரு தட்டு கேட்கட்டுமா?"

கையேட்டுக்காரர் யோசித்தார். அவள் கேட்டு அவர் சாப்பிட்டால் விதி மீறல் இல்லை. ஆனால் கையேடு தோற்றதாக ஆகும். "வேண்டாம். நானே எடுத்துக்கறேன். எனக்குத் தெரியும்."

சற்றுத் தள்ளி ஒரு நீளமான மேடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு பானையில் சூப். பார்த்துவிட்டார். நடந்தார். எல்லாம் இருந்தது, தட்டைத்தான் காணோம். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வந்தார். குனிந்து பார்த்தார். வேறு யாராவது எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ரொட்டியை ஆராய்வது போல ஐந்து நிமிஷம் நின்றார். யாரும் வரவில்லை. மனைவியின் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த இடத்துல தட்டுன்னு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்."

"யார்கிட்டங்க பேசறீங்க?"

"பொதுவா சொன்னேன்."

"புருவத்தை எழுதினவர் பொதுவாச் சொல்றதை விட்டுட்டீங்களே" என்றாள் மனைவி, முட்டையை வெட்டியபடி.

கையேட்டுக்காரர் பாலாடைக்கட்டியைக் காபிச் சாசரிலும் சூப்பைக் காபிக் கோப்பையிலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த நிமிஷமே ஒரு சின்னப் பெண்குழந்தை ஓடிவந்து, மேடைக்கு அடியிலிருந்த இழுப்பறையை இழுத்து, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஓடியது.

"கோப்பையில குடிச்சாத்தான் சூப்போட சூடு நிக்கும்" என்றார்.

"எத்தனையாவது பக்கம்?"

அவர் கோப்பையை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு காபி மெஷின். அதைப் பார்த்ததும் கையேட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மெஷின் என்றால் அவர் ஜாதி. எட்டுப் பொத்தான்; ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கோப்பையின் படம். எழுத்து ஒன்றுகூட இல்லை. எட்டுக் கோப்பையும் எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டில் நடுப்பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை. கையேட்டுக்காரர் தம்மை அறியாமல் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கையேடு இல்லை. அடியில் பார்த்தார். இல்லை. இதைச் செய்த கம்பெனியிலும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். அதை இங்கே யாரோ பெட்டியோடு தூக்கிப் போட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக அவர் மெஷினை ஒரு முறை தடவிக்கொடுத்தார்.

முதல் பொத்தானுக்கு வெந்நீர் வந்தது. இரண்டாவதற்கு வெறும் பால்நுரை. மூன்றாவதற்கு மெஷின் நீளமாகப் பெருமூச்சு விட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கையேட்டுக்காரர் நுரையை எடுத்துக்கொண்டு, ஆசைப்பட்டதே இதுதான் என்ற முகத்தோடு நடந்தார்.

மேசையில் மனைவி இல்லை. கால் மணி கழித்து வந்தாள். தலைமுடி ஈரமாக, முகம் பளபளவென்று, ஏதோ பூ வாசனையோடு.

"குளிச்சிட்டு வந்தேங்க. என்னா சுகம்! தண்ணி மழை மாதிரி தலையில கொட்டுது. இவ்வளவு பெரிய துண்டு. ஓரம் மடிச்சுத் தைச்சிருக்கிற நேர்த்தியைப் பார்க்கணும் நீங்க. நீங்களும் போய்க் குளிங்களேன்."

குளியல் அறை எட்டாம் பக்கம். 'சாவியை வரவேற்பு மேசையில் கேட்டுப் பெறவும்.' எழுதியவரே அவர்தான். 'கேட்டு' என்ற அந்த ஒரு சொல்லைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்தார்.

"நான் காலையிலேயே குளிச்சிட்டேன்."

"நானும்தான் குளிச்சேன். அது அழுக்குக்கு. இது சும்மா." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "அந்தப் பக்கம் முதுகைப் பிடிச்சு விடற நாற்காலி இருக்காம். தங்கச்சி சொல்லுச்சு. அதையும் பார்த்துட்டு வரேன். இந்தப் போன் உங்க பையிலேயே இருக்கட்டும்."

"தங்கச்சி" என்றார் கையேட்டுக்காரர், கேள்விக்குறியைக் கஷ்டப்பட்டு விழுங்கி.

"நீலக் கோட்டுப் பொண்ணுங்க. நல்ல பொண்ணு."

அவள் போனாள். கையேட்டுக்காரர் நுரையைக் குடித்தார். பசிதான், ஆனால் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு அறை அவருடையது, ஆயுசுக்கும். ஜன்னலுக்கு வெளியே விமானங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. மூன்றாவது அறையில் ஜன்னல் வரை வந்துவிட்ட கையேடுகளை ஜன்னலுக்கு மேலும் அடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இந்த லவுஞ்சுக் கையேட்டையும் பத்துப் பிரதி எடுத்து அங்கே வைக்க வேண்டும். படம் இரண்டை மட்டும் திருத்த வேண்டும். கதவையும். தட்டையும்.

லவுஞ்சில் விமானத்துக்கு யாரும் கூவி அழைக்க மாட்டார்கள். திரையைத்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் பக்கம். இந்த ஒரு பக்கத்திலாவது பிழை இல்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் அழைப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையேட்டுக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு நாற்பத்தைந்துக்குத் திரையில் அவர்கள் விமானத்தின் வரி பச்சையாக மாறியது. விமானத்துக்குள் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

கையேட்டுக்காரர் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெற்றி. இனிக் கிளம்ப வேண்டியதுதான்.

மனைவியைக் காணோம்.

முதுகு பிடிக்கும் நாற்காலிகளிடம் போனார். இரண்டு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு அதிர்ந்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி வந்தார். இல்லை. தூங்கும் அறைக்குப் போனார். கீச், கீச், கீச். அறை மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இல்லை. பெண்கள் கழிவறைக்கு வெளியே, செய்தித்தாள் படிப்பவர் போல நின்றார். மூன்று பேர் போனார்கள், நான்கு பேர் வந்தார்கள், அவள் வரவில்லை.

தம் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். அவர் தோளிலிருந்த பை அடித்தது.

கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. பாஸ்போர்ட் அவளிடம். போர்டிங் பாஸ் அவளிடம். கையேட்டை விரித்தார். பதினான்கு பக்கத்தையும் மடமடவென்று தள்ளினார். காபி கொட்டினால் என்ன செய்வது என்று இருந்தது. கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று இருந்தது. பெட்டி மாறிப்போனால், விமானம் தாமதமானால், பல் வலித்தால்கூட இருந்தது.

வரவேற்பு மேசைக்குப் போனார். நீலக் கோட்டுப் பெண் நிமிர்ந்தாள். கையேட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவளையே பார்த்தார். புருவம் தானாக மேலே கிளம்பியது. அதைக் கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"சார், ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"கண் வலியா சார்?"

"இல்லை."

திரும்பினார். இரண்டு அடி வைத்தார். நேற்று இரவு முதுகு வலி என்று அவள் தரையில் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. முதுகு வலியோடு ஈரத் தலையும் சேர்ந்து எங்காவது மயங்கி விழுந்திருந்தால்? குளியல் அறையில் வழுக்கியிருந்தால்? தனியாகப் போகத் தெரியாதவள் இல்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு எங்கும் போகாதவள். இருபத்துநாலு வருஷமாகச் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது இப்போது கேட்கவில்லை. அறை, ஜன்னல், ஆவணக் காப்பகம் எல்லாம் அவர் தலையிலிருந்து ஒரே நொடியில் காலியாகிவிட்டன.

கையேட்டுக்காரர் திரும்பினார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என் மனைவியைப் பார்த்தீங்களா? எங்க போனா? கொஞ்சம் தேடிக் குடுங்களேன்!"

மெதுவாகக் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார். தூங்கும் அறையிலிருந்து மூன்றாம் முறையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

நீலக் கோட்டுப் பெண் கையிலிருந்த பேனாவை மட்டும் நீட்டிக் காட்டினாள். அது அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் நீண்டது. அந்த மேசைக்கு நேர் பின்னால், முதுகு உயர்ந்த ஒரு பெரிய சுழல் நாற்காலி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் முதுகும் அதன் முதுகும் முக்கால் மணி நேரமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

நாற்காலி மெல்லச் சுழன்றது. உள்ளே மனைவி. மூக்கில் கண்ணாடி. கையில் பென்சில். மடியில் 'பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச்: எதிர்பார்க்க வேண்டியவை', இரண்டாம் பிரதி.

"இங்கேதாங்க இருக்கேன். முதுகு பிடிக்கிற நாற்காலி காலி இல்லை, இதுல உட்கார்ந்துட்டேன். நல்லா எழுதியிருக்கீங்க. சத்தியமா. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டேன்."

கையேட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், கடைசியாக வந்த வார்த்தையில் தடுக்கி நின்றார். "கடைசிப் பக்கம் வரைக்குமா?"

"நேத்தே ஒரு தடவை படிச்சேன். இப்போ ரெண்டாவது தடவை. ரெண்டு எழுத்துப்பிழை, குறிச்சு வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் எழுதியிருக்கீங்க. பல் வலிக்குக்கூட எழுதியிருக்கீங்க. பொண்டாட்டியைக் காணோம்னா என்ன பண்ணணும்னு மட்டும் எங்கேயும் எழுதலை. அந்த ஒரு இடத்துல நீங்க யாரையாவது கேட்டுத்தாங்க ஆகணும்."

"விமானம் போயிடும்!"

"கேட் எதிர்ல தெரியுது பாருங்க, அதுதான். இன்னும் நேரம் இருக்குன்னு தங்கச்சி சொல்லிட்டுதான் என்னை உட்கார வெச்சுது." ஊசிப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள். "என்னைத் தேடினீங்களே, அது எனக்குப் பிடிச்சிருந்துது. ஆனா ரூம் ரூம்தான்."

இருவரும் வெளியே நடந்தார்கள். மரக்கதவை அவரே இழுத்துத் திறந்தார். அது ஒரு சிறு முன்னேற்றம். நீலக் கோட்டுப் பெண், "போயிட்டு வாங்கக்கா" என்று உள்துணி தைத்த கையை ஆட்டினாள்.

கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது கையேட்டுக்காரர் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஊர் திரும்ப நாலு நாள் இருக்கிறது. நாலு நாளில் எவ்வளவோ பேசலாம். நிபந்தனைத் தாளில் ஏதாவது ஓட்டை இருக்காதா? கணிசமான நம்பிக்கையோடு நிமிர்ந்தார்.

"அறையைக் காலி பண்றதுன்னா சும்மா இல்லை. வரிசைப்படி எடுக்கணும். அதுக்கே ஒரு கையேடு எழுதணும். ஒரு ரெண்டு மாசம் ஆகும்."

அவர் தோளிலிருந்த பையில் மனைவியின் போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்து, சிரித்து, அவர் பக்கம் திருப்பினாள்.

போட்டோவில் மூன்றாவது அறை. ஆனால் ஜன்னல் தெரிந்தது. வெளிச்சம் தெரிந்தது. நடுவில் புத்தம்புது வெட்டுமேசை. அதன் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துத் தச்சர். இன்னொரு பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய, கையேட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கை.

"உங்க தங்கச்சிகிட்ட காலையிலேயே சாவி குடுத்துட்டு வந்தேன். உங்க புத்தகமெல்லாம் பரண்ல பத்திரமா இருக்காம்."

"காலையிலேயா? நான் ஜெயிச்சிருந்தா?"

மனைவி அவரை ஒரு தரம் பரிவாகப் பார்த்தாள். "இருபத்துநாலு வருஷத்துல என்னைக்காவது ஜெயிச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் தாண்டிப் போனார். போட்டோவைக் கிட்டத்தில் பிடித்தார். மேசையின் ஒரு காலுக்கு அடியில் ஏதோ பழுப்பாக மடித்து வைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். பம்பின் படம். அவர் எழுதிய கையேடுதான்.

"ஒரு கால் குட்டையாப் போச்சாம். உங்க கையேடுதான் சரியா இருந்துச்சாம். ரெண்டு பக்கம் மட்டும் அதிகமா இருந்துச்சாம், தச்சர் கிழிச்சிட்டாராம்."

கையேட்டுக்காரருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "எந்த ரெண்டு பக்கம்?"

மனைவி போர்டிங் பாஸ்களை நீட்டியபடி முன்னால் நகர்ந்தாள்.

"அவர் அதைப் படிச்சிருந்தாத்தானேங்க தெரியும்?"